கீழே வரும்போதும் இதேபோல்தான்

செவ்வாய்க்கிழமை, மதியம்

என் செல்ல மகளுக்கு, அம்மா பாதி ஆசையும் பாதி கோபமுமாக எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்பாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததும் நாற்காலியில் விழுந்து, ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடுகிறவளைக் கட்டிக்கொண்டவனுக்குப் படிக்கட்டுதான் கதி என்று சொல்லிக் காட்டுகிறார். இருபத்தாறு வருஷமாக அதே நகைச்சுவை. நானும் இருபத்தாறு வருஷமாகச் சிரிக்கவில்லை. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், உன் அறையில் தொட்டிச் செடிகளைக் கொண்டுபோய் அடுக்கி வைத்திருக்கிறார். நீ வந்தால் படுக்க இடம் இருக்காது. செடியோடு நீயே சண்டை போட்டுக்கொள்.

உன் செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றே வரி. அம்மா, கையெழுத்துப் போட்டுடு. நீ போடலன்னா ஃபைல் என் மேஜைக்குத்தான் வரும். என்னை அந்த இடத்துல நிக்க வைக்காத. படித்ததும் போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ அழுவாய், நான்காவதில் நான் கத்துவேன், ஐந்தாவதில் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பார். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் உனக்கு முன்னால் வேறு நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் தேடி அவதிப்படாதே. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவர்கள் என்னைத் தலைகீழாக நிற்க வைத்தாலும் இல்லை. ஏன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். உன் காதுக்குப் பாதிதான் வந்திருக்கும், அந்தப் பாதியும் எங்கள் பிரிவுத் தலைவர் வாய் வழியாக வந்ததாக இருக்கும்.

இப்போது நீயும் வேலை பார்க்கிற இந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தபோது உனக்கு நாலு வயது. டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த என் பேராசிரியர், கணிதத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்காரப் போகிறாயா என்று கேட்டு அதன் பிறகு ஒரு வருஷம் பேசவில்லை. கடைக்காரர்களும் என்னை ஆலாத்தி எடுத்துக் கூப்பிடவில்லை. லிஃப்டைச் சோதிக்கும் கோபுரத்துக்குக் கீழே, கிரீஸ் டப்பா வைக்கும் அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே தலைமை மெக்கானிக் வாசலில் வந்து நின்று, லிஃப்டுக்கு எதுக்கும்மா கணக்கு, மாடியை எண்ணத் தெரிஞ்சா போதாதா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு வந்தது பார் ஒரு கோபம். சாக்கட்டியை எடுத்துத் தரையிலேயே ஒன்பது மாடிக் கட்டிடம் வரைந்தேன். இரண்டு டீ கிளாஸை வைத்து, இதுதான் இரண்டு லிஃப்ட், ஐந்து பேர் ஐந்து மாடியில் பட்டனை அழுத்துகிறார்கள், எதை முதலில் எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். யாரு முதல்ல அழுத்தினாங்களோ அங்கதான் என்றார். சரி, நீங்களே நகர்த்துங்கள் என்று கிளாஸை அவர் கையில் கொடுத்தேன். மனிதர் குனிந்து குனிந்து நகர்த்தினார். அவர் சொன்ன வழியிலேயே போனால், இரண்டு மாடி இறங்கவேண்டிய ஒருவன் பதினேழு நிமிஷம் நிற்பது தெரிந்ததும் எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். தட்டில் ஒரு டீயோடு திரும்பி வந்தார். எல்லார் கண்ணுக்கும் முன்னால் என் மேஜையில் வைத்து, தப்பு என்னுது, டீ உங்களுது என்றார்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் எங்கள் 'தப்பு டீ'. யாருடைய நிரூபணத்தில் யார் ஓட்டை கண்டுபிடித்தாலும், எழுதியவர் தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைத் தளம் முழுவதும் எல்லோரும் பார்க்க நடந்து வந்து கொடுக்க வேண்டும். மெக்கானிக்குகள் ஸ்பேனரால் தகரத்தைத் தட்டுவார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் சேர்ந்த புதிதில் எனக்கு மூன்று முறை கொண்டுவந்திருக்கிறார், மூன்றாவது முறை தட்டு சரிந்து சட்டையெல்லாம் டீ. நான் ஒருமுறைகூடத் தட்டைத் தூக்கியதில்லை. இருபத்தாறு வருஷம்! அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. நீ வளர்ந்த வீட்டில் அது மேஜை நாற்காலி மாதிரி இருந்ததும் எனக்குத் தெரியும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறிக்கையை எழுதினேன். நாற்பத்தொரு பக்கம். யார் எந்த மாடியில் எப்போது பட்டனை அழுத்தினாலும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், நாலு நிமிஷத்துக்குள் லிஃப்ட் வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். அப்படி இரண்டு லிஃப்டையும் ஓட்டும் வழி இதோ, அதற்கு நிரூபணம் இதோ. கம்பெனி அந்த நாலு நிமிஷத்தைத் தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போட்டது. மெக்கானிக்குகள் எனக்கு 'நாலு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாலு நிமிஷம் மேடம் வந்தாச்சா, நாலு நிமிஷம் மேடம் லீவா என்று. கேட்கக் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல், நாலு நிமிஷம் கண்டுபிடித்தவருக்கு என்று எழுதியிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பெண் எழுதியது. அங்கே எங்கள் லிஃப்ட் இரண்டு ஓடுகிறது. சாயங்காலம் இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் வருவதே இல்லை, இதுவரை பதினொரு கடிதம் போட்டாயிற்று, பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வருகிறது என்று எழுதியிருந்தாள். அந்தப் பதிலையும் இணைத்திருந்தாள். நான்கு நிமிடத்துக்கு மேல் தாமதம் ஏற்படாது என்பது கணித ரீதியாக நிரூபிக்கப்பட்டுள்ளது. கீழே என் அறிக்கையின் எண்.

எனக்குப் பெருமையாக இருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. பன்னிரண்டாவது பதிலை நானே எழுதினேன். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று வேறு ஒரு வரி சேர்த்தேன். நாலாம் நாள் பதில் வந்தது. உங்க கணக்கு சரியா இருக்கலாம் மேடம். லிஃப்ட் வரல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து என் பக்கத்துல நில்லுங்க. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

போனேன். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வலது தோளைத் தூக்க முடியாமல் நடந்தாள். சுவரோரம் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர், தலையில் கட்டு. தரைத்தளத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். பட்டனை அழுத்தினோம். ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிகிறது. ஒன்பதாம் மாடியிலிருந்தும் எட்டிலிருந்தும் ஏழிலிருந்தும் ஜனங்கள் இறங்கத் தொடங்கினார்கள். மூன்று நிமிஷத்தில் கதவு திறந்தது. உள்ளே நிற்க இடமில்லை. அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம், ஒரு அம்மாள் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், கதவு மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினோம். மறுபடி திறந்தது, மறுபடி நிறைந்திருந்தது. ஆறு தடவை. இருபத்துமூன்று நிமிஷம்.

அவசரத்துக்கு ஊழியர்கள் லிஃப்டைத் தங்களுக்கு மட்டும் நிறுத்திக்கொள்ள ஒரு சாவி இருக்குமே என்று கேட்டேன். இருந்துச்சு மேடம், நாலு நிமிஷத்துல வரும்னு உறுதி குடுத்திருக்காங்க, அப்புறம் சாவி எதுக்குன்னு எடுத்துட்டாங்க என்றாள். போன மழைக்காலத்தில் ஒரு நோயாளியைப் போர்வையில் வைத்து நாலு பேராகப் படிக்கட்டில் தூக்கி இறங்கியிருக்கிறார்கள். அவள் தோள் போனது அன்றைக்குத்தான். இதையெல்லாம் அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பழைய மருந்து அட்டைகளின் பின்பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி, நூலால் கோத்து வைத்திருந்தாள். அறுபத்துமூன்று அட்டை. நம் ஆராய்ச்சிப் பிரிவில் இப்படி ஒழுங்காகக் குறித்து வைக்கிற ஆள் ஒருவரும் இல்லை.

இரண்டாவது முறை கதவு மூடியபோதே எனக்குப் பதினான்காம் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. மேலே போகிற பயணத்துக்கு அங்கே ஒன்றரைப் பக்க நிரூபணம் இருக்கிறது. மேலே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏறுவது ஒரே வாசலில், தரைத்தளத்தில். இந்த லிஃப்ட் நிறைந்து இரண்டு பேர் மிஞ்சினால், அடுத்த லிஃப்டுக்கு அவர்கள்தான் முதல் ஆட்கள். அதனால் அங்கே லிஃப்ட் வந்தது என்றாலே ஏறியாயிற்று என்றுதான் அர்த்தம். அது சரியான நிரூபணம், இன்றைக்கும் சரி. அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: கீழே வரும்போதும் இதேபோல்தான்.

இதேபோல் இல்லை. கீழே வரும்போது ஆளுக்கு ஒரு வாசல். பந்திக்கு முந்தியவர்கள் மேல் மாடிக்காரர்கள், இரண்டாம் மாடிக்கு எஞ்சியது மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் எஞ்சாமலே போகலாம். கதவு திறந்ததுமே லிஃப்ட் வந்துவிட்டதாக இயந்திரம் குறித்துக்கொண்டு, காத்திருந்த நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அதனால்தான் பதினெட்டு வருஷப் பதிவிலும் நாலு நிமிஷத்தைத் தாண்டிய ஒரு எண்கூட இல்லை. அலுவலகக் கட்டிடங்களில் இரண்டாம் மாடிக்காரன் சலித்துப்போய்ப் படியில் இறங்கிவிடுவான், யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரெச்சர் படியில் இறங்காது.

நம் தொழிலில் இதேபோல்தான் என்பதைவிடச் சொகுசான வரி கிடையாது. களைப்பாக இருக்கும், நேரமாகியிருக்கும், மனது ஏற்கனவே சரிபார்த்துவிட்டதாகச் சொல்லும். நீயும் எழுதியிருப்பாய், எழுதாதவர் யார்? யானைக்கும் அடி சறுக்கும் என்று அப்பா ஆறுதல் சொன்னார். சறுக்கிய யானை யார் மேல் விழுந்தது என்பதுதான் கேள்வி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழே கேன்டீனில் ஒரு டீ வாங்கி, தட்டு ஒன்று கேட்டு வாங்கி, படியேறினேன். லிஃப்டில் போயிருக்கலாம், மேலே போகிற லிஃப்ட்தான் சரியாக வருமே, ஆனால் மனசு வரவில்லை. வார்டு முழுக்கப் பார்த்தது. தப்பு என்னுது, டீ உங்களுது என்று சொல்லி நீட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, வாங்கிக் குடித்தாள், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றாள். அப்புறம், டீ இருக்கட்டும் மேடம், லிஃப்ட் எப்ப வரும் என்று கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

அதற்குப் பதிலும் கண்டுபிடித்துவிட்டேன், தெரியுமா? மூன்று வாரம் பிடித்தது. இறங்கி வரும் லிஃப்ட் ஒவ்வொன்றும் கீழ் மாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும், இரண்டு தடவை ஏமாந்த மாடிக்கு மூன்றாவது தடவை காலி லிஃப்ட் போக வேண்டும். இம்முறை மேலும் கீழும் தனித்தனியாக நிரூபித்திருக்கிறேன், இதேபோல் என்ற சொல்லே இல்லை. ஏழு நிமிஷம் வருகிறது. அழகில்லாத எண், ஆனால் உண்மையான எண். அதையும் பழைய சாவியையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போதும்.

தலைவரிடம் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்களே புதிதாகக் கட்டும் பதினொரு கட்டிடங்களுக்கு ஒரே ஒப்பந்தம், வியாழக்கிழமை கடைசி மீட்டிங், நாலு நிமிஷ உறுதிப் பத்திரத்தில் கணித ஆராய்ச்சியாளர் ஒருவர் கையெழுத்து வேண்டும், இந்த நேரத்துல ஏழு நிமிஷம்னு வந்து நின்னா நான் எங்க போவேன் என்றார். ஆட்கள் ஏற முடியவில்லை என்றேன். லிஃப்ட் வந்துச்சா இல்லையா, நாலு நிமிஷத்துக்குள்ள வந்துச்சுல்ல, ஏறுவாங்கன்னு நாம எங்க சொன்னோம் என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறேன், இவர் ஸ்ட்ரெச்சரையே மறைக்கிறார். நான் எழுந்தேன். வாசல் வரை வந்து, நீங்க போடலன்னாலும் பரவால்ல, தலைமை அலுவலகத்துல உங்க பொண்ணு இருக்காங்களே, அவங்க போட்டா போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உன்னிடமும் அன்றைக்கே பேசியிருப்பார், இல்லையா?

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் வந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. வியாழக்கிழமை சொல்வேன். இந்த மாதம் உனக்குக் குழுத்தலைவர் பதவி வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதைச் செய்கிறேன். கல்நெஞ்சுக்காரி என்று திட்டு, ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

நீ எந்த முடிவெடுத்தாலும் என் மகள்தான் என்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நின்று அடம்பிடிக்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் இரண்டு நாளைக்கு 'நாலு நிமிஷம்' என்று அழைக்கப்படப்போகிற
அம்மா


சனிக்கிழமை, காலை

கண்ணு,

போன கடிதம் இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. பரவாயில்லை, இரண்டையும் வரிசையாகப் படி.

மீட்டிங் நடந்தது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஐந்து பேர், இந்தப் பக்கம் நாங்கள். தலைவர் பத்திரத்தையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தி, இவங்கதான் அந்த நாலு நிமிஷம் என்று என்னைப் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார். நான் பேனாவை எடுத்துப் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒன்பது மாடி வரைந்தேன். எல்லோர் முன்னாலும் டீ இருந்தது. இரண்டு கிளாஸை எடுத்து வைத்தேன். எதிரில் இருந்த பெரிய டாக்டர் அம்மாவிடம், நீங்கள் இரண்டாம் மாடி, உங்கள் கையில் ஸ்ட்ரெச்சர் என்றேன். மற்ற நாலு பேரையும் மேல் மாடிகளில் நிறுத்தினேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். நாலாவது சுற்றில் டாக்டர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு, அப்ப இந்த நாலு நிமிஷம் பொய்யா என்று கேட்டார்.

மேலே போகும்போது உண்மை, கீழே வரும்போது பொய், இரண்டையும் எழுதியவள் நான்தான் என்றேன்.

தலைவர் இடையில் புகுந்து, மேடம் ஓய்வு பெறப்போற வயசு, கொஞ்ச நாளா ரொம்பச் சோர்வா இருக்காங்க என்றார். எனக்கு வந்ததே! தம்பி, நான் தினமும் மூன்று மாடி ஏறுகிறேன், நீ ஒரு மாடி ஏறிக் காட்டு, அப்புறம் சோர்வைப் பற்றிப் பேசு என்றேன். எல்லோர் முன்னாலும் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது தப்புதான், அவர் தலைவரான இந்தப் பத்து வருஷமாக அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன். ஏழு நிமிஷ நிரூபணத்தின் பிரதியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. எனக்கு நீண்ட விடுப்பு, திங்கள் முதல் அலுவலகம் வரத் தேவையில்லை, மேஜையைக் காலி செய்து தரவும். ஒப்பந்தம் இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. தலைமை அலுவலக ஆராய்ச்சிக் குழு அறிக்கையைப் பார்த்து நாலு நிமிஷம் சரிதான் என்று கையெழுத்திட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களாம். அதாவது நீ. தலைவர் சிரித்தபடி சொன்னதை நிஜமாகவே செய்துவிட்டார்.

இருபத்தாறு வருஷம் ஐந்து அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. மெக்கானிக்குகள்தான் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார்கள். நான் தளத்தைக் கடந்தபோது யாரோ ஸ்பேனரால் தகரத்தைத் தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். ஏழு நிமிஷம் மேடம், ஏழு நிமிஷம் மேடம் என்று கூப்பாடு. நான் அழவில்லை என்று எழுதினால் நம்புவாயா? நம்பாதே.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் சுலபமாக வந்தது. இது வரவில்லை.

நேற்று வீட்டில் பெட்டிகளைப் பிரித்தபோது அந்த அறிக்கையின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. வீட்டில் கிடந்து, பிறகு எப்போதோ நான் அலுவலகத்துக்கு எடுத்துப்போன பிரதி. பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன், என் தப்பை நானே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று. ஓரத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அம்மா, கீழே வரும்போது ஏற்கனவே நிறைந்திருந்தால்?' உன் கையெழுத்து. பத்தொன்பது வயது, கல்லூரி முதல் விடுமுறை. அதற்குக் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. 'இதேபோல்தான். முதலில் ஒழுங்காகப் படி.'

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பதினோரு வருஷம். நீ கேட்ட அன்றைக்கே நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அந்தச் சாவி அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கும். அவள் தோளும் நன்றாக இருந்திருக்கும். இது ஒரு வேதனை. இன்னொன்றும் இருக்கிறது. அந்த விடுமுறைக்குப் பிறகு நீ என் எழுத்தில் எதையும் கேட்டதே இல்லை. என்னுடையதில் மட்டுமா, யாருடையதிலும் ஓரத்தில் கேள்வி எழுதுவதை விட்டுவிட்டாய். எல்லோரும் உன்னைப் பற்றி, கொடுத்த வேலையை மறுபேச்சில்லாமல் முடிக்கும் பெண் என்று என்னிடம் பாராட்டுவார்கள். நானும் பூரித்துப்போவேன். மகள் அம்மாவுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

என்னை அந்த இடத்துல நிக்க வைக்காத என்று எழுதியிருந்தாய். உன்னை அங்கே நிறுத்தியவர் தலைவர் இல்லை, இந்த வாரமும் இல்லை. சிவப்பு மையால் நான்தான் நிறுத்தினேன். எனக்குப் பயந்த பெண் இப்போது எல்லோருக்கும் பயப்படுகிறாள். பயப்படக் கற்றுக்கொடுத்தவளே வந்து துணிந்து நில் என்று அதட்டினால் அது நியாயமில்லை. அதனால் அதட்டவில்லை. செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் அதட்டல் தொனி இருந்திருக்கும், அதை அடித்துவிட்டுப் படி.

கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தத் தாளைக் கிழித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஃபைல் உன் மேஜைக்கு வரும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவர்கள் பேனா கொடுப்பார்கள். உன் பையில் பென்சில் இருக்கும், சின்ன வயதிலிருந்தே இருக்கும். முப்பது வயது ஆராய்ச்சியாளர் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பதில் சொல்லட்டும், அம்மாவுக்கு இல்லை, தலைவருக்கு இல்லை, அவளுக்கு. அவள் கேட்டது சரியான கேள்வி. அவளுக்கு இதுவரை யாரும் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்காரி நேற்று போன் செய்தாள். டாக்டர் அம்மா நேரில் வந்து சாயங்காலம் முழுக்க அவள் பக்கத்தில் நின்றாராம். சாவியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். புதிதாக வரப்போகிற பதினொரு கட்டிடங்கள் உன் கையில் இருக்கின்றன.

கதவைத் திற என்று நான் வந்து நிற்பதற்கு முன் ஒரு முன்னறிவிப்பு. எனக்குத்தான் இப்போது விடுப்பு ஏராளமாக இருக்கிறதே! அடுத்த மாதம் அங்கே வருகிறேன், அப்பாவும் வருகிறார். உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் உண்டா, அது இவள் கணக்கில் ஓடுகிறதா என்று கேட்டு எழுதச் சொல்கிறார். நீ கையெழுத்துப் போட்டிருந்தாலும் வருவேன், போடாமல் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வருவேன். தட்டில் ஒரு டீ எடுத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும், நீ இருக்கிற இடம் வரை நடந்து வருவேன். நீ எழுந்து வந்து வாங்கக் கூடாது. அதுதான் வழக்கம். உட்கார்ந்தபடியே வாங்க வேண்டும், முதலில் கண்டுபிடித்தவள் நீ.

நன்றாக இரு. நிமிர்ந்து இரு. ஓரத்தில் நிறைய எழுது.

தட்டைத் தூக்கத் தாமதமாகக் கற்றுக்கொண்ட
உன் அம்மா